வீட்டுக்குள் எலி: எதை முதலில், எதைக் கடைசியில் செய்வது

எலி நடமாட்டம் தெரிந்ததும் பெரும்பாலானோர் செய்கிற முதல் காரியம், கடைக்குப் போய் எலி மருந்து வாங்கிவந்து அடுப்படி மூலையில் வைப்பது. வரிசைப்படி பார்த்தால் அது கடைசிக் காரியம். நிறைய வீடுகளில் அதற்குத் தேவையே வருவதில்லை. ஓட்டை திறந்து கிடக்கிறது, ராத்திரி தீனியும் கிடைக்கிறது என்றால், செத்த எலியின் இடத்துக்கு வெளியே இருக்கும் இன்னொன்று வந்துவிடும். நடுவில், பரணுக்குள் எங்கோ செத்துக் கிடக்கும் எலியின் நாற்றத்தோடு ஒரு வாரம் குடித்தனம் நடத்த வேண்டியிருக்கும்.

இது தமிழ்நாட்டு வீடுகளை மனதில் வைத்து எழுதியது. முழுதாக முடிய இரண்டு மூன்று வாரம் ஆகும். அவசரப்பட்டு வரிசையை மாற்றினால் வேலை இரட்டிப்பாகும்.

1. முதல் நாளே: கேஸ் டியூப், பிறகு சாமான்

மற்ற எதற்கும் முன் அடுப்புக்குப் போகும் கேஸ் டியூபைப் பாருங்கள். எலியின் முன்பற்கள் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். அவற்றைத் தேய்க்க எதையாவது கடித்தே தீரும். பழைய வெறும் ரப்பர் டியூப் அதற்கு வாகாக அமைந்துவிடுகிறது. உள்ளே எஃகுக் கம்பி பின்னிய ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூபுக்கு மாறுங்கள். அதற்கும் 5 ஆண்டுதான் ஆயுள். பல் பட்ட தடம் தெரிந்தால் ரெகுலேட்டரை மூடிவிட்டு அன்றே மாற்ற வேண்டும். கேஸ் வாடை அடித்தால் எந்த ஸ்விட்சையும் தொடாமல் கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906-க்குப் பேசுங்கள்.

அதேபோல, எரியும் அகல்விளக்கைப் பூஜை அறையில் விட்டுவிட்டுத் தூங்கப் போக வேண்டாம். நெய்த்திரியை எலி இழுத்துக்கொண்டு ஓடும்.

வாங்கி வைக்க வேண்டியவை: நல்ல டார்ச், ரப்பர் கையுறை, முகக்கவசம், ப்ளீச் திரவம், கால் அங்குலக் கண் உள்ள ஜி.ஐ. கம்பிவலை, பாத்திரம் தேய்க்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்கிரப்பர் ஏழெட்டு, எம்-சீல், கொஞ்சம் சிமென்ட்டும் மணலும், கோலம் போடும் கல்மாவு, பழைய செய்தித்தாள். கம்பிவலையில் கண் அளவு முக்கியம். பென்சில் நுழையும் சந்தில் சுண்டெலி நுழைந்துவிடும். அரை அங்குலச் சந்து இருந்தால் பெரிய எலியின் குட்டி வந்துவிடும். கடையில் "எலி வலை" என்று கேட்டால் சில நேரம் அரை அங்குல வலையைத் தருவார்கள். அளந்து பார்த்து வாங்குங்கள்.

2. வந்திருப்பது யார்?

எல்லாவற்றையும் எலி என்றே சொல்கிறோம். ஆனால் நம் வீடுகளுக்கு வருவது நாலு விதம், நாலுக்கும் வைத்தியம் வேறு. புழுக்கையைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

சுண்டெலியின் புழுக்கை 3 முதல் 6 மில்லிமீட்டர், ஏறக்குறையச் சீரக அளவு. அலமாரி, கிரைண்டர் அடி, ஃப்ரிட்ஜ் பின்புறம் என்று தீனிக்குச் சில அடி தூரத்திலேயே கூடு கட்டும். அதிகம் அலையாது. அதனால் பொறிகளை நெருக்கி நெருக்கி, நிறைய வைக்க வேண்டும்.

வீட்டு எலியின் புழுக்கை 12 மில்லிமீட்டர் வரை இருக்கும், இரு முனையும் கூர்மை. இது ஏறுகிற ஜாதி. பரண், ஃபால்ஸ் சீலிங், ஓட்டுக்கு அடி, தென்னங்கொண்டை இவைதான் அதன் இருப்பிடம். ராத்திரி தலைக்கு மேல் ஓடும் சத்தம் கேட்டால் இதுதான். தரையில் மட்டும் பொறி வைத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் இதைப் பிடிப்பதில்லை.

பெருச்சாளியின் புழுக்கை இன்னும் பெரிது, முனை மழுங்கியிருக்கும். அதை விடப் பெரிய அடையாளம் மண். காம்பவுண்ட் சுவர் ஓரம், சாக்கடை ஓரம், செப்டிக் டேங்க் பக்கம் புதிதாகத் தோண்டிய மண் குவிந்து கிடக்கும். வீட்டுக்குள் வருவது பெரும்பாலும் தரைமட்ட ஓட்டை வழியாக அல்லது கழிவுநீர்க் குழாய் வழியாக.

நாலாவது மூஞ்சூறு. இது எலி இனமே இல்லை. நீண்ட கூர்மூக்கு, கீச்கீச் சத்தம், சுவரோரமாகவே ஓட்டம், ஒரு மாதிரியான வாடை. முக்கியமாகப் பூச்சி தின்னும், கரப்பான் உள்பட. ஒயரைக் கடிக்காது, அரிசி மூட்டையை ஓட்டை போடாது. இதற்காகப் பொறியும் மருந்தும் வைத்துக் காசைக் கரைக்கிறவர்கள் நிறையப் பேர். கதவைத் திறந்துவிட்டுத் துடைப்பத்தால் வழி காட்டினால் போய்விடும். திரும்பி வராமலிருக்க ஓட்டையை அடைத்தால் போதும்.

3. வழியைக் கண்டுபிடிப்பது

இந்தப் படியில் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். குறைந்தது இரண்டு இரவு இதற்கு ஒதுக்குங்கள்.

படுக்கப் போகும் முன் சந்தேகமான இடங்களில், சுவரோரமாக, ஒரு சாண் அகலத்துக்குக் கல்மாவை மெலிதாகத் தூவுங்கள். அரிசிமாவு வேண்டாம், அதையே தின்றுவிட்டுப் போகும். காலையில் பாதத் தடமும், நடுவில் வால் இழுத்த கோடும் தெரியும். எந்தப் பக்கம் போகிறது, எங்கிருந்து வருகிறது என்று அந்தத் தடமே சொல்லும். அடிக்கடி போகும் பாதை என்றால் சுவரில் கறுப்பாக எண்ணெய் பிசுக்கு படிந்திருக்கும். எலி சுவரை உரசிக்கொண்டேதான் ஓடும். அதன் உடம்பு அழுக்கு அது.

பிறகு ஓட்டைகள். வீட்டைச் சுற்றி வெளியிலிருந்து பாருங்கள். உள்ளே இருந்து பார்த்தால் பாதி தப்பிவிடும். நான் பார்த்த வீடுகளில் அடிக்கடி அகப்படும் இடங்கள்: சிங்க் குழாய் சுவரைத் துளைத்து வெளியேறும் இடம், ஏசியின் செம்புக் குழாய்க்குப் போட்ட துளை, சிலிண்டரை வெளியே வைத்திருந்தால் கேஸ் டியூப் வரும் துளை, கேபிள் ஒயர் துளை, எக்ஸாஸ்ட் ஃபேன் சட்டம், வாஷிங் மெஷின் தண்ணீர் போகும் குழாய், குளியலறைத் தரையில் மூடியில்லாத ஜாலி, பின்கதவுக்கு அடியில் உள்ள சந்து, மொட்டைமாடிக் கதவு. சிங்க்கின் கீழ் இருக்கும் அலமாரியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். குழாயைச் சுற்றி கொத்தனார் பூசாமல் விட்ட வட்டம் பல வீடுகளில் அப்படியே இருக்கும். ஓட்டு வீட்டில் சுவருக்கும் கூரைக்கும் இடையிலான சந்துதான் முதல் சந்தேகம். கதவுச் சந்தை அளக்க எளிய வழி, அறையை இருட்டாக்கிவிட்டு வெளி வெளிச்சம் எங்கே உள்ளே வருகிறது என்று பார்ப்பது.

கண்ட ஓட்டை ஒவ்வொன்றிலும் செய்தித்தாளைக் கசக்கி லேசாகத் திணியுங்கள். காலையில் எது தள்ளப்பட்டு, கிழிபட்டுக் கிடக்கிறதோ அதுதான் நடப்பில் உள்ள வழி. தாள் அசையாத ஓட்டைகளை ஒரு சாக்பீஸால் குறித்துவையுங்கள். அவற்றை முதலில் அடைக்கப் போகிறோம்.

4. தீனியை நிறுத்துவது

பொறிக்கு முன்னால் இது வர வேண்டியதற்கு ஒரே காரணம் பசி. சிங்க்கில் சோற்றுப் பருக்கையும், குப்பைக் கூடையில் பால் கவரும் கிடக்கும்போது பொறியில் இருக்கும் வடையை எலி ஏன் தேட வேண்டும்?

அரிசி, பருப்பு, நிலக்கடலையை எவர்சில்வர் டிரம்முக்கோ தகர டின்னுக்கோ மாற்றுங்கள். பிளாஸ்டிக் டப்பா போதாது, இரண்டு இரவில் ஓரத்தைக் கொறித்துவிடும். மூட்டையாக வாங்குகிறவர்கள் தரையில் வைக்காமல், சுவரிலிருந்து அரை அடி தள்ளி, மணை போட்டு வையுங்கள். பின்னால் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும்.

கணக்கில் வராமல் விட்டுப்போகும் தீனிகள்தான் ஆட்டத்தைக் கெடுக்கும். பூஜையில் உடைத்த தேங்காய் மூடி, சாமி படத்தின் முன் வாழைப்பழம், குளியல் சோப்பு, நாய்க்கு வைத்த சோறு, காக்கைக்கு மாடியில் வைத்த சாதம், உருளைக்கிழங்குக் கூடை, கிரைண்டர் அடியில் சிந்திக் காய்ந்த மாவு. சோப்பைக்கூட விட்டுவைப்பதில்லை, கொழுப்புச் சத்து உள்ளது என்பதால்.

தண்ணீரையும் பாருங்கள். பெரிய எலிக்குத் தினமும் தண்ணீர் வேண்டும். சொட்டும் குழாயைச் சரிசெய்து, ராத்திரி சிங்க்கைத் துடைத்து உலர்த்திவிட்டால் அதற்குக் கஷ்டம். சுண்டெலிக்குத் தானியத்தில் இருக்கும் ஈரமே போதும், அதனிடம் இது பலிக்காது.

5. ஓட்டைகளை அடைப்பது, ஒன்றைத் தவிர

சாக்பீஸ் குறி போட்ட ஓட்டைகள் அனைத்தையும் அடையுங்கள். நடப்பில் உள்ள வழியை மட்டும் இப்போது விட்டுவையுங்கள். அதையும் சேர்த்து அடைத்தால் உள்ளே இருக்கும் எலி வெளியேற வழியில்லாமல் கதவு, ஒயர், பிளாஸ்டிக் குழாய் என்று புதிதாகக் கடிக்கத் தொடங்கும். குட்டிகள் கூட்டில் இருந்தால் பட்டினியில் செத்து நாறும்.

துணி, தெர்மோகோல், மரக்கட்டை, ஸ்ப்ரே நுரை இவற்றில் எதையும் தனியாக நம்ப வேண்டாம். எலிக்கு அதைக் குடைய ஒரு ராத்திரி போதும். குழாயைச் சுற்றிய சந்தில் ஸ்டீல் ஸ்கிரப்பரை இறுகத் திணித்து, மேலே எம்-சீலோ சிமென்ட்டோ பூசுங்கள். கடிக்க வந்தால் கம்பி வாயில் குத்தும், பூச்சு அதை இழுக்க விடாமல் பிடித்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்தால்தான் பலன். சுவரில் பெரிய ஓட்டை என்றால் ஒன்றுக்கு மூன்று சிமென்ட் கலவையில் உடைத்த கண்ணாடித் துண்டைக் கலந்து பூசும் பழைய கொத்தனார் முறை இன்றும் நன்றாகவே வேலை செய்கிறது. கையுறை இல்லாமல் அதைத் தொட வேண்டாம்.

காற்று வர வேண்டிய இடத்தில், அதாவது எக்ஸாஸ்ட் ஃபேன், வென்டிலேட்டர், செப்டிக் டேங்க் காற்றுக் குழாயின் வாய், கம்பிவலை அடியுங்கள். கொசுவுக்குப் போட்ட நைலான் வலை எலிக்குத் தடையே இல்லை. மரக்கதவின் அடியில் அலுமினியத் தகடு அடித்து, தரைக்கும் தகட்டுக்கும் இடைவெளி பென்சில் நுழையாத அளவுக்குக் குறையுங்கள். குளியலறை ஜாலிக்குத் திருகி மூடும் ஸ்டீல் மூடி கிடைக்கிறது.

மாடியைத் தொடும் முருங்கை, மா, கொய்யாக் கிளைகளை மூன்றடி இடைவெளி விட்டு வெட்டுங்கள். வீட்டு எலிக்கு அதுதான் பாலம்.

6. பொறி வைப்பது

இரண்டு வகைதான் சொல்வேன். அடித்துக் கொல்லும் பொறி, உயிரோடு பிடிக்கும் கம்பிக்கூண்டு. ஒட்டும் அட்டையை இந்திய விலங்கு நல வாரியமும் வேண்டாம் என்கிறது. அதில் எலி மணிக்கணக்கில் துடித்துச் சாகும், பல்லியும் அணிலும்கூட மாட்டிக்கொள்ளும். எனக்கும் அதில் உடன்பாடில்லை.

ஒரே ஒரு பொறி வாங்கி அறைக்கு அறை மாற்றி வைப்பது நேரத்தைத்தான் வீணாக்கும். இரண்டு படுக்கையறை வீட்டுக்கு அடிக்கும் பொறி என்றால் ஐந்தாறு, கூண்டு என்றால் இரண்டு மூன்று, ஒரே நாளில் வைக்க வேண்டும். முதல் சில இரவுகளில்தான் அதிகம் விழும்.

இடம்: கல்மாவுத் தடம் காட்டிய பாதை. அடிக்கும் பொறியைச் சுவருக்குக் குறுக்காக, இரை இருக்கும் முனை சுவரைத் தொடும்படி வையுங்கள். இரு பக்கத்திலிருந்து வந்தாலும் எலியின் தலை இரையின் மேல் படும். கூண்டின் வாய் பாதைக்கு நேராக இருக்கட்டும். அறையின் நடுவில் வைத்த பொறியில் எலி விழுவது அபூர்வம், அது திறந்த தரையைக் கடக்கவே விரும்பாது. வீட்டு எலி என்றால் பரண் மேல், குழாயை ஒட்டி, அலமாரித் தலையில் வையுங்கள்.

இரை: மசால் வடைக்கு ஊரறிந்த பெயர் இருப்பது சும்மா இல்லை. எண்ணெயும் வாசனையும் எலியை இழுக்கும். அதற்குச் சற்றும் குறையாதது அடுப்பில் வாட்டிய தேங்காய்ச் சில். பெருச்சாளிக்குக் கருவாடு. எதுவானாலும் நகத்தளவு போதும். முழு வடையை வைத்தால் ஓரத்தைப் பிய்த்துத் தின்றுவிட்டுப் பொறி விழாமலே போய்விடும். கொக்கியில் நூலால் கட்டுங்கள், இழுத்தால்தான் கிடைக்கும் என்றாக வேண்டும்.

பெரிய எலிக்குப் புதிய பொருள் எதைக் கண்டாலும் சந்தேகம். முதல் மூன்று இரவு இரையை மட்டும் வைத்து, பொறியை ஏற்றாமல் விட்டுவிடுங்கள். தின்று பழகிய பிறகு, நாலாம் இரவு எல்லாப் பொறியையும் ஒன்றாக ஏற்றுங்கள். "ரெண்டு நாளா வைக்கிறேன், பக்கத்துலயே வரல" என்று பொறியை எடுத்துவிடுகிறவர்கள் இன்னும் ஒரு நாள் பொறுத்திருக்கலாம். சுண்டெலிக்கு இந்தக் காத்திருப்பு வேண்டாம், புதிதைக் கண்டால் முகர்ந்து பார்க்க அதுவே வரும்.

குழந்தை தவழும் வீட்டில் அடிக்கும் பொறியைத் துளை போட்ட அட்டைப்பெட்டிக்குள் வைத்து, கை எட்டாத இடத்தில் வையுங்கள்.

கூண்டு வாங்கும் முன்பே ஒன்றை வீட்டில் பேசிக்கொள்ளுங்கள்: பிடிபட்டதை என்ன செய்வது? தெருமுனையில் விட்டால் திரும்பி வரும். குடியிருப்பு இல்லாத இடத்தில், ஓரிரு கிலோமீட்டர் தள்ளி விட ஒருவர் முன்வர வேண்டும். யாருமில்லை என்றால், கூண்டிலேயே வெயிலில் காயவிடுவதைக் காட்டிலும் அடித்துக் கொல்லும் பொறி எவ்வளவோ மேல்.

7. கடைசி ஓட்டை

பொறியில் எதுவும் விழாமல், புதுப் புழுக்கை இல்லாமல், கல்மாவில் தடமில்லாமல் ஒரு வாரம் போகட்டும். அதன் பிறகு விட்டுவைத்த வழியில் மறுபடி தாளைத் திணித்துப் பாருங்கள். மூன்று இரவு அசையாவிட்டால் கம்பியும் சிமென்ட்டும் வைத்து அடையுங்கள். பொறிகளை இன்னும் ஒரு வாரம் எடுக்காதீர்கள். சுண்டெலியின் கர்ப்பகாலம் மூன்று வாரம்தான், குட்டி இரண்டே மாதத்துக்குள் இனம் பெருக்கத் தயாராகிவிடும். தப்பிய ஒரு ஜோடி போதும்.

8. துப்புரவு

காய்ந்த புழுக்கையைத் துடைப்பத்தால் பெருக்குவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. தூசி பறந்து மூச்சில் போகும். ஜன்னலைத் திறந்து அரை மணி நேரம் காற்றோட்டம் விட்டு, கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு, ஒரு பங்கு ப்ளீச் திரவத்தை 9 பங்கு தண்ணீரில் கலந்து தெளியுங்கள். ஐந்து நிமிடம் ஊறிய பின் காகிதத்தால் துடைத்து, கவரில் கட்டிக் குப்பையில் போடுங்கள். ப்ளீச்சோடு டாய்லெட் ஆசிட்டைக் கலக்கவே கூடாது, நச்சு வாயு வரும். செத்த எலியையும் இதே மாதிரி நனைத்துவிட்டு, கவரைக் கையில் மாட்டிக்கொண்டு எடுங்கள்.

எலிக்காய்ச்சல் பரவுவது எலியின் சிறுநீரால். மழைத்தண்ணீர் தேங்கிய இடத்தில் வெறுங்காலில், அதுவும் காலில் புண்ணோடு, நடப்பவர்களுக்கு ஆபத்து அதிகம். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, மஞ்சள் காமாலை தெரிந்தால் மருத்துவரிடம் வீட்டில் எலி இருந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவி மருத்துவரைப் பார்க்க வேண்டும், டெட்டனஸ் ஊசி தேவைப்படலாம்.

எங்கோ செத்து நாறுகிறது, இடம் தெரியவில்லை என்றால் பளபளக்கும் பெரிய ஈக்கள் எங்கே மொய்க்கின்றன என்று பாருங்கள்.

9. விஷம்: வெளியே மட்டும், கடைசியாக

தோட்டத்தில் பெருச்சாளி வளை நிறைய இருந்தால் மட்டும் புரோமாடியோலோன் 0.005 சதவீத கேக் போடலாம். இரத்தம் உறையாமல் செய்து சில நாளில் கொல்லும். வளைக்குள் தள்ளி மண்ணால் மூடுங்கள். திறந்த தரையில் போட்டால் நாய், பூனை, குழந்தை எல்லோருக்கும் எட்டும்.

எலி பேஸ்ட் என்று விற்ற மஞ்சள் பாஸ்பரஸுக்குத் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. எங்காவது கிடைத்தாலும் வாங்காதீர்கள். தின்றவர் முதல் நாள் வாந்தி எடுத்துவிட்டுப் பிறகு தேறியது போலத் தெரிவார், அதற்குள் கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். அதற்கு முறிவு மருந்தும் இல்லை. கிட்டங்கிக்கான அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையையும் வீட்டில் வைக்கக்கூடாது, அதிலிருந்து வருவது கொல்லும் வாயு. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், எலிக்காக வீட்டுக்குள் மருந்து வைக்கப்பட்டிருந்தபோது ஏசி போட்டுத் தூங்கிய குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள். ஆள் வைத்து மருந்தடிப்பவர்கள் என்றால் மருந்தின் பெயர் என்ன, எங்கே வைக்கிறார்கள், எத்தனை நேரம் வீட்டில் இருக்கக்கூடாது என்று எழுத்தில் கேளுங்கள். சொல்ல மறுத்தால் திருப்பி அனுப்புங்கள்.

யாராவது தின்றிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே 108. வாந்தி எடுக்க வைக்காதீர்கள். நன்றாகத்தான் இருக்கிறார் என்று காத்திருக்காதீர்கள். மருந்து டப்பாவைக் கையோடு கொண்டுபோங்கள். புரோமாடியோலோன் என்றால் வைட்டமின் கே கொடுப்பார்கள், மற்றதற்குச் சிகிச்சை வேறு.

10. காசு போகும், எலி போகாது

அல்ட்ராசோனிக் மெஷின்: சில நாளில் எலி அந்தச் சத்தத்துக்குப் பழகிவிடும். கற்பூரம், அந்துருண்டை, புதினா எண்ணெய்: வாடை இருக்கும் மட்டும் வேறு பாதையில் போகும். பூனை சுண்டெலியை அடக்கும். வளர்ந்த பெருச்சாளியைக் கண்டு ஒதுங்கிப் போகும் பூனைகளே அதிகம்.

11. மறுபடி வராமலிருக்க

வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் வளைகளில் தண்ணீர் ஏறி எலிகள் மேட்டுக்கு வரும், மேடு என்பது உங்கள் வீடு. அதனால் ஓட்டைச் சோதனையைப் புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள். வயலை ஒட்டிய வீடுகளில் தை அறுவடை முடிந்ததும் இன்னொரு முறை, வயலில் தீனி தீர்ந்த எலிகள் களத்தையும் வீட்டையும் நோக்கி வரும். ஏசி மாட்ட, கேபிள் இழுக்க, பிளம்பிங் பார்க்க யார் வந்து துளை போட்டாலும், அவர் கிளம்பும் முன் அந்தத் துளையைச் சுற்றிப் பூசிவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

அடுக்குமாடியில் ஒரு வீடு மட்டும் அடைத்தால் எலி பக்கத்து வீட்டுக்கு நகரும், இடம் மாறுமே தவிரக் குறையாது. குழாய்கள் இறங்கும் டக்ட்டின் அடிக்கதவு, குப்பை அறை, மின்மீட்டர் அறை, கழிவுநீர் சேம்பரின் உடைந்த மூடி ஆகிய நான்கையும் சங்கத்தின் பராமரிப்புப் பணத்தில் ஒரே வாரத்தில் செய்துமுடிக்கச் சொல்லிக் கூட்டத்தில் எழுதிக் கொடுங்கள். வாடகை வீடு என்றால் ஓட்டைகளைப் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிட்டுப் பேசுங்கள். சிமென்ட் வேலை அவர் செலவு, கூண்டும் வடையும் உங்கள் செலவு என்று பேசினால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.